செக்கிழுத்தவருக்குக் கிடைத்தது என்ன?



போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணனுக்கு வேலை போயிடுச்சு. எனக்கு முதல் ரெண்டு வருஷம் வேலை சொல்லிக் கொடுத்தவர். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தாலும் முதல்ல போனை எடுக்கிறது அவர்தான். அவர் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினப்போ என்ன சொல்றதுன்னு தெரியல. "எல்லாம் அவங்கவங்க கர்மாண்ணா, நடக்கிறது நடக்கும்"னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சிட்டுப் போயிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துது.

அவங்கவங்களுக்குத் தகுந்தது அவங்கவங்களுக்குக் கிடைக்கும்னு நாம சுலபமா சொல்லிடுறோம். நிஜமாவே கிடைக்குதா? இதை யோசிச்சப்போ மனசுல வந்து நின்னவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. திருச்செந்தூர் போற வழியில தூத்துக்குடியைத் தாண்டாம நம்மள்ல பாதிப் பேர் போறதில்லை. அந்த ஊர்க்காரர் கதைதான் இது.

1872 செப்டம்பர் 5-ல ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். இவரும் சட்டம் படிச்சு வக்கீல் ஆனார். ஏழைகளுக்காக வாதாடி நல்ல பேர் எடுத்தார். 1900-ல தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்தினார். அப்படியே இருந்திருந்தா வசதியா வாழ்ந்து முடிச்சிருக்கலாம்.

அப்போ தூத்துக்குடி – கொழும்பு கப்பல் போக்குவரத்து முழுக்க வெள்ளைக்காரக் கம்பெனி கையில இருந்தது. நம்ம வியாபாரிங்க சரக்கு ஏத்தணும்னா அவங்க சொன்னதுதான் கட்டணம். 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செஞ்சார். ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்தம் 10 லட்சம் மூலதனம்னு திட்டம். பம்பாய் வரைக்கும் அலைஞ்சு பணம் திரட்டினார். காலியா, லாவோ என்று ரெண்டு கப்பல் வந்து சேர்ந்தது.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சது. இவங்களும் குறைச்சாங்க. கடைசியில அவங்க இலவசமாவே ஏத்திக்கிட்டுப் போறோம், கூடவே ஒரு குடையும் தர்றோம்னு ஆள் பிடிச்சதா இன்னிக்கும் சொல்லுவாங்க.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால நின்னாங்க. தொழிலாளர்கள் ஜெயிச்சாங்க. மார்ச் 12-ம் தேதி ரெண்டு பேரையும் கைது செஞ்சாங்க. திருநெல்வேலியில கலவரம் வெடிச்சது, துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க.

ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை ரெண்டு ஆயுள், அதாவது 40 வருஷம். அரசுக்கு எதிரா பேசினதுக்கு ஒண்ணு, சிவாவுக்கு ஆதரவா இருந்ததுக்கு இன்னொண்ணு. இந்தச் செய்தியைக் கேட்ட அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மேல்முறையீட்டில் தண்டனை குறைஞ்சாலும், நாலே முக்கால் வருஷம் உள்ளே இருந்தார். கோவை சிறையில மாடு இழுக்க வேண்டிய செக்கை இவரை இழுக்க வச்சாங்க. அப்புறம் கண்ணூர் சிறை.

இங்கதான் நான் நின்னுட்டேன். ஜேம்ஸ் ஆலன்னு ஒரு ஆங்கில எழுத்தாளர். மனசு எப்படியோ வாழ்க்கையும் அப்படித்தான் அமையும்ங்கிறது அவர் புத்தகத்தின் சாரம். அதை 'மனம்போல வாழ்வு'னு தமிழில் கொண்டு வந்தவர் இதே வ.உ.சி.தான்! அப்படி ஒரு நூலை மொழிபெயர்த்த மனுஷனுக்கு அமைஞ்ச வாழ்வைப் பாருங்க.

அவர் உள்ளே இருக்கும்போதே 1911-ல கம்பெனியைக் கலைச்சுட்டாங்க. எந்தக் கம்பெனியோட மோதினாரோ அதுக்கே கப்பலை வித்துட்டாங்க. 1912 டிசம்பர் 24-ல விடுதலை. கைதானப்போ ஊரே கொந்தளிச்சது. வெளியே வந்தப்போ வாசல்ல நின்னது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அதுல ஒருத்தர் சிறையிலேயே தொழுநோய் பிடிச்ச சுப்பிரமணிய சிவா.

வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில குடியேறி அரிசிக்கடை, மண்ணெண்ணெய்க் கடைன்னு நடத்திப் பார்த்தார். எதுவும் நிலைக்கல. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இவருக்காகத் திரட்டின பணம் காந்தியிடம் இருந்தது. 1915-ல ஆரம்பிச்ச கடிதப் போக்குவரத்து 1916 வரைக்கும் நீண்டு, அந்த 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. 10 லட்சத்துக்குக் கம்பெனி கண்ட மனுஷன் அந்தத் தொகைக்காகக் காத்திருந்தார்.

பின்னால வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி மூலமா சன்னது திரும்பக் கிடைச்சது. அந்த நன்றியில தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன்னு பேர் வச்சார். தன்னைச் சிறையில போட்ட ஆட்சியைச் சேர்ந்தவரா இருந்தாலும், செஞ்ச உதவியை மறக்கல. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் பார்த்தார். அந்தக் கஷ்டத்துக்கு நடுவுல தொல்காப்பியப் பதிப்பு, திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை, சிவஞான போதத்துக்கு உரைன்னு எழுதிக்கிட்டே இருந்தார். 1936 நவம்பர் 18-ல தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிஞ்சது. விட்டுப் போன உயிலில் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடன் கணக்கும் இருந்தது.

இப்போ தூத்துக்குடி துறைமுகத்துக்கே அவர் பேர். அவர் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கு. தகுந்தது கிடைச்சிருச்சா? அவருக்குக் கிடைக்கல. மரியாதை வந்தப்போ வாங்கிக்க அவர் இல்லை.

இதை அவர் வினைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பங்கு வாங்கினவங்க தாங்கிப் பிடிச்சிருந்தா கப்பல் நின்னிருக்கும். கொந்தளிச்ச ஊர் கண்ணூர் வாசலுக்கும் வந்திருக்கலாம். இது அவர் கணக்குல எழுத வேண்டிய வினை இல்லை, கூட இருந்தவங்க கணக்கு.

வினையை நான் நம்புறேன். கந்தன் காலைப் பிடிச்சா அது கரையும்னும் நம்புறேன். ஆனா அது என் வினையைப் பத்தி நான் நினைச்சுக்க வேண்டியது. அடுத்தவன் கஷ்டத்துல நிக்கும்போது அவனுக்கு நான் சொல்ற பதிலா அது இருக்கக் கூடாது. அப்படிச் சொல்லிட்டா நான் எதுவும் செய்ய வேண்டியதில்லைன்னு ஆயிடுதே! அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல நான் செஞ்சது அதுதான்.

இதை எழுதுறதுக்கு முன்னாடி அந்த அண்ணனுக்குப் போன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்டேன். அவரோட பயோடேட்டாவை வாங்கி எனக்குத் தெரிஞ்ச ஆறு பேருக்கு அனுப்பியிருக்கேன். வேலை கிடைக்குமான்னு தெரியாது.

உங்களுக்கும் அப்படி ஒருத்தர் ஞாபகம் வந்தா, இந்தப் பதிவை அடுத்த குரூப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு போன் போடுங்க.

வேலும் மயிலும் துணை.