கையேந்திய சீமாட்டி

ரோமாபுரியின் வீதியிலே ஒரு பெரிய வீட்டுப் பெண்மணி கையேந்தி நின்றார். தமக்காக அல்ல, நோயாளிகளுக்காக! 1608-ல் புனிதர் பட்டம் பெற்ற பிரான்செஸ்காதான் அவர்.

பிறந்தது 1384-ல். கன்னியாஸ்திரி ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. தந்தை இணங்கவில்லை, சிறு வயதிலேயே லோரன்சோ பொன்சியானி என்ற சீமானுக்கு மணம் முடித்தார். புகுந்த வீட்டில் ஓரகத்தி வன்னோஸ்ஸாவுக்கும் அதே மனம். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புண்களைக் கழுவிக் கட்டினார்கள்.

பிறகு நேப்பிள்ஸ் மன்னனின் படை நகரில் புகுந்தது. கணவர் படுகாயம் அடைந்தார். வீடு சூறையாடப்பட்டது. கொள்ளை நோய் ஒரு மகனையும் ஒரு மகளையும் கொண்டுபோயிற்று. பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! ஆனாலும் பாழடைந்த வீட்டில் ஒரு பகுதியையே ஆஸ்பத்திரி ஆக்கினார். நகைகளை விற்றார். அதுவும் போதாதபோதுதான் தெருவில் இறங்கினார்.

மூத்த மகன் பத்திஸ்தாவின் மனைவி மொபீலியாவுக்கு இந்தக் கோலம் பிடிக்குமா? மாமியாரைப் பலர் முன்னிலையில் ஏளனம் செய்தாள். ஒரு நாள் அவளே நோயில் விழுந்தாள். மாமியார் அருகிலேயே இருந்து பணிவிடை செய்தார். அன்றோடு பகை தீர்ந்தது. பிரான்செஸ்கா பாட்டியும் ஆனார்.

தொண்டு செய்யும் பெண்களுக்காக 1433-ல் ஒரு இல்லம் அமைத்தார். ஆனால், கணவரை விட்டு அங்கே குடிபோகவில்லை. 1436-ல் அவர் கண்மூடிய பிறகே போனார்.

1440 மார்ச் மாதம். மகன் பத்திஸ்தாவுக்கு உடல்நலம் இல்லை என்று செய்தி வந்தது. பார்க்கப் போனார். போன இடத்தில் அவருக்கே கடும் காய்ச்சல் கண்டது. மணப்பெண்ணாக வந்த அதே வீட்டில், 9-ந் தேதி, உயிர் பிரிந்தது.