கடற்கரையில் பிறந்த ஆசை!

பழவேற்காடு ஏரியில் பூநாரை பறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நின்ற இடத்தில் இருந்து அது சட்டென்று எழும்பாது. ஆழம் இல்லாத தண்ணீரில் சிறிது தூரம் ஓடும். பிறகுதான் மேலே கிளம்பும்.

சின்ன விமானமும் அப்படித்தான். கொஞ்ச தூரம் ஓடுவதற்குச் சமதரை இருந்தால் போதும். அது இறுகிய மணலாக இருக்கலாம். காய்ந்த சேறாகவும் இருக்கலாம்.

அப்படிப்பட்ட சின்ன விமானத்தோடு வாழ்ந்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா.

மணலில் இறங்கிய விமானம்

1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை பார்சி. தாய் பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறைக்கு ஹார்டெலோ என்ற கடற்கரை ஊருக்குக் குடும்பம் போகும். இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் முதன் முதலாகக் கடந்த பிளேரியோவின் வீடும் அங்கே இருந்தது. அவருடைய விமானம் கடற்கரை மணலிலேயே இறங்கியது. சிறுவன் அதைக் கண்கொட்டாமல் பார்த்தான். தானும் பறக்க வேண்டும் என்று ஆசை கொண்டான்.

அந்த ஆசை நிறைவேறியது. 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, இந்தியாவிலேயே முதல் விமானி லைசென்சு அவருக்குக் கிடைத்தது.

கொடுத்தார், தோற்றார்!

1930-ம் ஆண்டு ஒரு போட்டி நடந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்குப் பரிசு. பரிசு அறிவித்தவர் ஆகாகான். டாட்டா கராச்சியில் இருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயது வாலிபர் இங்கிலாந்தில் இருந்து வந்தார்.

எகிப்து நாட்டில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பியின் எஞ்சினில் பிளக் கோளாறு. மாற்றுப் பிளக் இல்லாமல் அவர் தவித்தார். டாட்டா பேசாமல் இருந்திருந்தால் பரிசு அவருக்கே! ஆனால் தம்மிடம் இருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி வென்றார். பிற்காலத்தில் அவர் இந்திய விமானப் படையின் தலைவராகவும் ஆனார்.

சென்னைக்கு வந்த தபால்

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. ஒரே எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையோடு டாட்டா கராச்சியில் கிளம்பினார். ரேடியோ கிடையாது. ஆமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது! பம்பாயில் இறங்கிய இடம் ஜூஹு. அது கடலோரச் சேற்றுத் தரை. மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது விமானங்கள் புனாவுக்குப் போய்விடும். பம்பாயில் இருந்து அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்தார்.

இந்தச் சிறிய தொடக்கமே 1946-ல் 'ஏர் இந்தியா' ஆயிற்று.

1982-ல், 78 வயதில், அதே கராச்சி-பம்பாய் வழியில் சின்ன விமானத்தில் தனியாகப் பறந்து காட்டினார் டாட்டா! 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி காலமானார்.

நடுக்கடலில் ஒரு படகின் எஞ்சின் நின்றுவிட்டால், பக்கத்துப் படகுக்காரர் அன்றைய மீன் பாட்டைப் பார்ப்பதில்லை, கயிற்றைத்தான் வீசுவார். வானத்திலும் அதே தர்மத்தைக் காத்தவர் டாட்டா. பரிசு போயிற்று, பெயர் நிலைத்தது!