ஈ நடந்த ஓசை

வலையொலி பதிவு செய்யத் தொடங்கும் இளையர்கள் முதலில் தேடுவது நல்லதோர் ஒலிவாங்கியைத்தான். ஆனால், ஒலிவாங்கி நுட்பமானதாக இருந்தால் பேசுபவரின் குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் நாற்காலி நகரும் சத்தமும் சேர்ந்தே பதிவாகிவிடும். ‘ப’ என்று சொல்லும்போது வாயிலிருந்து பாயும் காற்றுகூட வெடிப்பதுபோல் கேட்கும். அதைத் தடுக்கவே ஒலிவாங்கியின் முன் மெல்லிய வலைத் தடுப்பைப் பொருத்துகிறார்கள். சிற்றொலியையும் விடாமல் பிடிக்கும் இந்த ஆற்றலை 1878ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் காட்டியவர் டேவிட் எட்வர்ட் ஹியூஸ்.

வேல்ஸ் வழிவந்த அவருடைய குடும்பம் இசையில் தேர்ந்தது. சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறிய அவர், இளைஞராக இருந்தபோதே கெண்டக்கி மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இசை ஆசிரியரானார். இசை கற்பித்தவருக்கு இயந்திரங்களின் மீதும் தீராத ஆர்வம் இருந்தது. 1855இல், பியானோவில் உள்ளவை போன்ற கட்டைகளை அழுத்தினால் மறுமுனையில் எழுத்துகளை அச்சிடும் தந்திக் கருவியை உருவாக்கினார். ஐரோப்பிய அரசுகள் பல அதனை ஏற்றுக்கொண்டதால் செல்வந்தரானார். பின்னர் லண்டனில் தங்கி ஆய்வுகளைத் தொடர்ந்தார்.

ஒருமுறை, மின்சாரம் பாயும் கம்பியைத் தொலைபேசியின் கேட்புக் கருவியோடு இணைத்து இழுத்துப் பார்த்தார். கம்பி அறுந்த கணத்தில் மட்டும் ஓர் ஓசை எழுந்தது. அறுந்த முனைகளை இறுகக் கட்டாமல், லேசாகத் தொடும்படி வைத்தார். இப்போது சுற்றிலும் எழுந்த ஓசைகள் கருவியில் கேட்டன! ஒலி அதிரும்போது தளர்வாகத் தொடும் இடத்தில் அழுத்தம் மாறுகிறது. அதற்கேற்ப மின்னோட்டமும் கூடிக் குறைகிறது. இதைக் காட்ட அவருக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு ஆணிகளின் மேல் மூன்றாவது ஆணியைக் குறுக்கே கிடத்தினார், அவ்வளவுதான். கரிக்கோலைப் பயன்படுத்தியபோது, பலகைமேல் ஈ நடக்கும் ஓசைகூடக் கேட்டது.

இதற்குக் காப்புரிமை கேட்காமல் யாவரும் பயன்படுத்தும்படி விட்டுவிட்டார் ஹியூஸ். அப்படியிருந்தும் பழி வந்தது. தம் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டதாக எடிசன் நாளேடுகளில் குற்றஞ்சாட்டினார். எடிசனும் கரியைக் கொண்டு தொலைபேசிக் கருவி செய்தவர்தாம். ஆயினும், அறிஞர் வில்லியம் தாம்சன் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் பின்னால் காத்திருந்தது. 1879இல், மின்பொறி எழும்போதெல்லாம் கம்பித் தொடர்பே இல்லாத இடத்திலும் தம் கருவி ஒலிப்பதை ஹியூஸ் கவனித்தார். கேட்புக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு லண்டனின் கிரேட் போர்ட்லண்ட் தெருவில் நடந்தார். ஏறத்தாழ 450 மீட்டர் தொலைவுவரை ஓசை கேட்டது. 1880இல் அரசக் கழக அறிஞர்கள் நேரில் வந்து பார்த்தனர். அவர்களுள் ஒருவரான ஸ்டோக்ஸ், இது ஏற்கெனவே அறிந்த மின்தூண்டல்தான் என்று கூறிவிட்டார். மனமுடைந்த ஹியூஸ் ஆய்வை வெளியிடவே இல்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை மெய்ப்பித்துப் புகழ்பெற்றார்.

கரி ஒலிவாங்கிகளோ ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகெங்கும் தொலைபேசிகளில் இடம்பெற்றிருந்தன. தெருவில் நடந்து செய்த அந்த ஆய்வின் கதை 1899இல்தான் அச்சில் வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஹியூஸ் காலமானார். அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி, அவர் விருப்பப்படியே லண்டன் மருத்துவமனைகளுக்குச் சென்றது.