பந்தயமும் பாடமும்: ஆசிரியர் ஸ்டாக்கின் சரித்திரச் சுருக்கம்

விளையாட்டுக் கோஷ்டியில் சிறந்து விளங்கும் மாணவன் ஒருவன் பாடங்களில் பின்தங்கிவிட்டால், அவனைப் பந்தயக் களத்தில் இறக்கலாமா, ஆகாதா என்னும் வினா கலாசாலைகளில் அடிக்கடி எழுவதுண்டு. கலாசாலையின் கீர்த்தியை நினைத்து இறக்கலாம் என்பார் ஒரு சாரார். கலாசாலை கல்விக்கென்றே ஏற்பட்டது, ஆகாது என்பார் மற்றொரு சாரார். இவ்வினாவிற்கு நேர்மையான விடை காணத் தம் ஆயுளெல்லாம் முயன்றும், அதன் சிக்கலில் தாமே ஒருகால் அகப்பட்டுக்கொண்டவர் ஒரு பெரியார். அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கால்பந்துப் பயிற்சி ஆசிரியர்களுள் முதுபெருந் தலைவராய் விளங்கிய அமாஸ் அலான்சோ ஸ்டாக் என்பாரே அவர். அமெரிக்கர் கால்பந்து என்பது நாம் ஆடும் ஆட்டமன்று. நீள்வட்டமான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், உதைத்தும், எதிர்ப்படுவோரை மறித்து வீழ்த்தியும் ஆடும் வன்மை மிக்க ஆட்டம் அது.

ஸ்டாக், நியூ ஜெர்ஸி மாகாணத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் பாதரட்சை தைத்துப் பிழைத்த ஏழைத் தொழிலாளி. மக்கள் எண்மருள் ஸ்டாக் ஐந்தாமவர். குருத்துவ ஊழியம் செய்யவேண்டுமென்னும் ஆவல் இளமையிலேயே அவருள்ளத்தில் வேரூன்றியது. ஏல் சர்வகலாசாலையிற் சேருதற்கு வேண்டிய தேர்ச்சி போதாமையால், முதலில் எக்ஸெட்டர் என்னும் ஊரிலிருந்த பள்ளியிற் சேர்ந்து, அரைவயிறு உண்டு, குறைபாடுகளை நிரப்பிக்கொண்டார். தகுதியில்லாதவன் வாயிலுக்கு வெளியே நின்று உழைத்துத் தகுதி பெறவேண்டும் என்னும் பாடத்தை அவர் இவ்வாறு தம் வாழ்விலேயே முதற்கண் கற்றார்.

1884-ல் ஏல் சேர்ந்த ஸ்டாக், அடிபந்தாட்டத்தில் பந்தெறிவதில் நிகரற்றவரெனப் பெயர் பெற்றார். கூலிக்கு ஆடும் கோஷ்டியினர் பெருந்தொகை தருவதாக வருந்தி அழைத்தனர். பொருளுக்காக ஆடுதல் தம் நோக்கத்திற்கு ஒவ்வாதென்று அவர் மறுத்துவிட்டார். 1888-ல் பட்டம் பெற்றபின் அங்கேயே வேதசாஸ்திரம் பயிலத் தொடங்கினார். அவ்வாண்டு அவர் ஓர் அங்கத்தினராயிருந்த ஏல் கால்பந்துக் கோஷ்டி, 13 பந்தயங்களில் 698 எண்கள் எடுத்து, எதிரிகளுக்கு ஓர் எண்ணும் கொடாமல் வென்றது. மறு ஆண்டு, நாடு முழுவதிலுமிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பதினொருவருள் அவரும் ஒருவரானார். பட்டம் பெற்ற பின்னரும் கலாசாலைக் கோஷ்டியில் ஆட அக்காலத்தில் தடையில்லை என்பதை வாசகர் நினைவில் வைப்பாராக.

ஆனால் பிரசங்க மேடை அவருக்கு வசப்படவில்லை. நின்று பேசுதல் தமக்கு இயல்பாய் வாராதென்று கண்ட அவர், இளைஞரைத் தேகப்பயிற்சி வாயிலாக நல்வழிப்படுத்துவதே தமக்குரிய ஊழியமென்று துணிந்தார். 1890-ல் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்தார். கூடைப்பந்தாட்டம் தோன்றியதும் அங்கேதான். 1892 மார்ச்சு மாதத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடந்த முதற் பகிரங்கப் பந்தயத்தில், ஆசிரியர் கோஷ்டிக்குக் கிடைத்த ஒரே கூடையைப் போட்டவர் ஸ்டாக்கே. சென்னையில் 1920-ல் வாலிபர் சங்கத்துத் தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவிய பக் துரையும் அந்த ஸ்பிரிங்பீல்டில் பயின்றவராதலின், இம்மரபு நமக்கு முற்றும் அந்நியமானதன்று.

ஏலில் ஸ்டாக்கின் ஆசிரியராயிருந்த எபிரேய பண்டிதர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், புதிதாகத் தோன்றிய சிக்காகோ சர்வகலாசாலையின் தலைவராகி, தம் மாணாக்கரை 1892-ல் அங்கு அழைத்துக்கொண்டார். தேகப்பயிற்சிப் பகுதியின் தலைமையோடு துணைப் பேராசிரியர் பதவியும், ஆயுட்கால நிலைப்பும் ஸ்டாக்குக்கு அளிக்கப்பட்டன. ஏனைக் கலாசாலைகளில் கால்பந்துப் பயிற்சியாளர் பருவத்துக்குப் பருவம் வந்து செல்லும் கூலியாளராயிருந்த காலத்தில் இஃது ஒரு நூதன ஏற்பாடு. முதலாண்டில் ஆட்கள் போதாமையால், பயிற்றுவித்த ஆசிரியரே மாணவரோடு களத்தில் இறங்கி ஆடினாரென்றால், அக்காலத்து விதிகள் எவ்வளவு தளர்ந்திருந்தன என்பது விளங்கும்.

அத்தளர்ச்சியால் விளைந்த கேடுகளோ பல. வகுப்பறை வாயிலை மிதியாதவர்கள் கலாசாலையின் பெயரால் ஆடினர். ஒரு பருவத்தில் ஒரு கலாசாலைக்கும், மறு பருவத்தில் வேறொன்றிற்கும் ஆடி ஊர் சுற்றினோரும் உண்டு. இவற்றைக் களையக் கருதி, 1895 ஜனவரி 11-ஆம் தேதி பர்டியூ சர்வகலாசாலைத் தலைவர் ஸ்மார்ட் என்பாரின் அழைப்பின் பேரில் மேற்பகுதிக் கலாசாலைத் தலைவர் எழுவர் சிக்காகோவிற் கூடினர். முறையாகச் சேர்ந்து முழுநேரமும் பயில்பவரும், பாடத்தில் பின்தங்காதவருமே ஆடத்தக்கவர் என்பது அவர்கள் வகுத்த விதிகளுள் தலையாயது. மறு ஆண்டு பிப்ரவரியில் இவ்விதிகளைக் காத்து நடத்த, ஏழு சர்வகலாசாலைகளின் ஆசிரியப் பிரதிநிதிகளைக் கொண்ட சபை அமைந்தது. அதிகாரம் பயிற்சியாளரிடத்தும் பழைய மாணவரிடத்தும் இல்லாமல், பாடம் சொல்லும் ஆசிரியரிடத்து வைக்கப்பட்டதே அதன் சிறப்பு.

1905-ல் ஆட்டக்களத்தில் இளைஞர் பலர் உயிரிழக்க, நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கலாசாலைகளின் பிரதிநிதிகளை அழைத்து எச்சரித்தார். 1906-ன் தொடக்கத்தில் மிச்சிகன் தலைவர் ஏஞ்செல் கூட்டிய மகாநாட்டில் மேற்பகுதிக் கலாசாலைகள் விதிகளை மேலும் இறுக்கின. பிரவேசத் தகுதி முழுவதும் பெற்று, ஓராண்டுப் பாடத்தை முடித்த பின்னரே ஒருவன் ஆடலாம், மூன்றாண்டுக்குமேல் ஆடலாகாது, பட்டம் பெற்றவர் ஆடவே கூடாது. ஏலில் ஸ்டாக் பெற்ற கீர்த்தியில் ஒரு பகுதி, இவ்விதி அந்நாளில் இருந்திருப்பின் கிடைத்திராது. இவ்விதிகளை ஏற்க மனமில்லாத மிச்சிகன் சபையை விட்டு விலகி, 1917-லேதான் திரும்பிற்று.

இனிச் சொல்லவேண்டுவது இச்சரிதத்தின் வருந்தத்தக்க பகுதி. அக்காலத்து ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் சிக்காகோவின் வால்ட்டர் எக்கர்சால். 1905 நவம்பரில், 56 பந்தயங்களில் தோல்வியே காணாதிருந்த மிச்சிகனைச் சிக்காகோ 2-0 என்று வென்றபோது, நகரமெல்லாம் அவர் பெயரையே கொண்டாடியது. ஆனால் அவ்வீரர் கல்வியிலோ மிகவும் பின்தங்கியிருந்தார். பட்டம் அவர் பெறவேயில்லை. 1906-ல் கடைசி ஆட்டப் பருவம் முடிந்த பின்னரே சர்வகலாசாலை அவருக்குக் கதவடைத்தது. வெற்றி வேண்டியிருந்த காலமெல்லாம் திறந்திருந்த கதவு, வெற்றி கிடைத்தபின் அடைபட்டது. மதுவையும் சூதையும் வெறுத்தவர், கூலியாட்டத்தை மறுத்தவர், நேர்மையையே வேதமெனப் போதித்தவர் ஸ்டாக். அவர் கண்முன்னரே இஃது நிகழ்ந்தது. எக்கர்சால் பிற்காலத்தில் பத்திரிகை எழுத்தாளராய்ப் புகழ் பெற்று 1930-ல் காலமானார். எனினும் சர்வகலாசாலை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டதற்கு ஈடாக அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்த கல்வி, கொடுக்கப்படாமலே போயிற்று.

ஸ்டாக்கின் கோஷ்டிகள் ஏழுமுறை சபையின் முதன்மை பெற்றன. ஆனால் 1924-க்குப் பின் அத்திறம் குன்றியது. 1929-ல் முப்பது வயதில் தலைமையேற்ற ராபர்ட் ஹட்சின்ஸ், கால்பந்தைக் கல்வியின் அங்கமாகக் கருதவில்லை. எழுபது வயது நிரம்பியோர் ஓய்வு பெறவேண்டுமென்னும் விதிப்படி 1932-ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஸ்டாக் விலக நேர்ந்தது. 1939-ல் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்ற அதே ஆண்டின் முடிவில் சிக்காகோ கால்பந்தையே கைவிட்டது. ஸ்டாக்கின் பெயர் தாங்கிய மைதானத்து மேற்குப் படிக்கட்டின் கீழ், 1942 டிசம்பர் 2-ஆம் தேதி விஞ்ஞானிகள் அணுவின் தொடர் விளைவை முதன்முதல் உண்டாக்கினர்.

கௌரவப் பதவியொன்று அளிக்க முன்வந்தும், வேலையின்றிச் சம்பளம் பெற ஸ்டாக் இசையவில்லை. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரத்து பசிபிக் கலாசாலைக்குச் சென்று, 1933 முதல் 1946 வரை பயிற்றுவித்தார். 1943-ல், தம் 81-ஆம் வயதில், அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளரெனச் சக பயிற்சியாளரால் தெரிந்தெடுக்கப்பட்டார். பின்னர்த் தம் புதல்வருக்கும் துணைநின்று, 1965 மார்ச்சு 17-ஆம் தேதி 102 வயதினராய் இறைவனடி சேர்ந்தார்.

அவர் காலத்து வினா அவரோடு மறைந்துவிடவில்லை. முதலாண்டு மாணவர் ஆடலாகாதென்னும் விதி 1972-ல் தேசிய அளவில் கைவிடப்பட்டது. தகுதியின்றிச் சேர்ந்தோர் பெருகவே, பதினொரு முக்கிய பாடங்களில் குறித்த சராசரியும் பொதுத்தேர்வில் குறித்த எண்களும் பெற்றோரே முதலாண்டில் ஆடலாமென்று 1983-ல் வேறொரு விதி இயற்றப்பட்டு, 1986-ல் நடைமுறைக்கு வந்தது. ஒருபுறம் தளர்த்தி மறுபுறம் இறுக்குவதாகவே அவ்விதிகளின் சரித்திரம் நடந்துவந்திருக்கிறது.

ஸ்டாக்கின் வாழ்க்கையினின்று நாம் அறியவேண்டுவது யாது? பந்தயம் தீதென்பதன்று, அவரால் ஒழுக்கம் பெற்ற இளைஞர் எண்ணற்றோர். வெற்றியை நாடுபவர் எத்துணை நல்லவராயினும், தகுதியை அளக்கும் கோல் அவர் கையில் மட்டும் இருத்தல் தகாது என்பதே. அக்கோலைப் பாடம் சொல்லும் ஆசிரியர் ஏந்துவாராக. ஆடும் மாணவனும் அதனைப் பகையென்று கருதாதிருப்பானாக. கரகோஷம் ஒரு பிற்பகலில் அடங்கிவிடும். கற்ற கல்வியோ ஆயுள் முழுவதும் உடன்வரும். அதனை அவன் பெறாது போக விடாமல் தடுக்கும் விதி, அவனுக்கு உற்ற நண்பனேயாம்.