சேர் ஹென்றி வார்ட்: ஊரணைகளை நினைந்த தேசாதிபதி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் பெருந்தெரு பெரகலையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளைப் பக்கம் செல்ல, மற்றது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகின்றது. அம்மலைமுகட்டிற் பெய்யும் மழைக்கும் இரு வழிகளே. வடசரிவில் விழும் நீர் உமா ஓயா முதலியவற்றின் வழியே மகாவலியைச் சேரும். தென்சரிவில் விழுவது வளவை கங்கையையோ கிரிந்தி ஓயாவையோ நாடும். எப்பக்கம் ஓடினும், ஊரார் கல்லும் மண்ணும் இட்டுக் கட்டிய சிற்றணைகள் இடைமறித்து, வேகந் தணித்து, அதனை வயலுக்குத் திருப்புகின்றன. அவ்வணைகளைப் பேணும் கடன் யாருடையது என்ற வினாவுக்குச் சட்டத்தின் மூலம் விடை தேடியவர், அணைத்தொழில் பயிலாத ஓர் ஆங்கிலேயர். 1855 முதல் 1860 வரை இலங்கைத் தேசாதிபதியாய் விளங்கிய சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட் என்பவரே அவர்.

1797ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த வார்ட், நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான ரொபேர்ட் புளூமர் வார்டின் புதல்வர். இளமையில் தூதரகப் பணியில் அமர்ந்து மெக்சிக்கோவரை சென்றார். அந்நாட்டைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு மனைவியார் எமிலி சித்திரம் தீட்டினார். பின்னர்ப் பாராளுமன்றம் புகுந்து சீர்திருத்தவாதி எனப் பெயரெடுத்தார். ஆயினும் அயோனியத் தீவுகளை ஆளச் சென்றவிடத்து, 1849இற் செபலோனியாவில் எழுந்த கிளர்ச்சியைத் தூக்குமரத்தாலும் கசையாலும் அடக்கினார். அவருடைய வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை மறைத்தல் தகாது.

அவர் இலங்கைக்கு வந்தபோது ஊவாவின் அணைகள் பல சிதைந்து கிடந்தன. 1817-18ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலப் படை, ஊவா வெல்லச நாட்டின் பயிரையும் குடியிருப்பையும் அழித்துச் சென்றது. எஞ்சியதை 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தம் வேறொரு வகையில் நலிவித்தது. அவ்வாண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது நன்றே, மனிதரை வருத்திய முறை அது. ஆனால் அணையைச் செப்பனிட ஊராரை ஒருங்குகூட்டிய அதிகாரமும் அதனோடு போயிற்று. அதன் இடத்தில் வேறொன்றை வைக்க எவரும் எண்ணவில்லை.

சிற்றணை ஒரே நாளில் அழிவதில்லை. கட்டின்மேல் முளைத்த செடி மரமாகி வேரோட்டும். மரம் பட்டபின் வேர் உக்கிய துளையில் நீர் கசியும். எலியும் நண்டும் வளை தோண்டும். கறையான் உள்ளே கூடமைக்கும். மிகுநீர் வழியும் வானிலே சருகும் கிளையும் அடைபட்டால், வெள்ளம் கட்டின்மேல் ஏறி ஓடும். மண்கட்டு அதனைத் தாங்காது. ஓரங்குலப் பள்ளம் விழுந்தால் நீர் அவ்விடத்தையே தேடிப் பாய்ந்து, ஓரிரவில் வாய் பிளக்கச் செய்துவிடும். இத்தனைக்கும் மருந்து மண்வெட்டி பிடித்த கைகள் சில, ஆண்டுதோறும் சில நாள். ஒருவன் வராதொழிந்தால் மற்றவனும் ஏன் வருவான்? நோயின் மூலம் இங்கேதான் இருந்தது.

அதனை எடுத்துரைத்தவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜோன் பெயிலி. ஊவாவின் நீர்ப்பாசனத்தை ஆராய்ந்து, பழைய ஊர்வழக்கத்துக்குச் சட்டவலு வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். வார்ட் செவிசாய்த்தார். அதன் பயனே 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். புதுமை எதனையும் புகுத்தாமல், வயற்சொந்தக்காரர் கூடி இசைந்தால் தம் பழைய வழக்கத்தையே விதியாக்கிக்கொள்ள அது வழி செய்தது. வழக்குத் தீர்க்கும் பொறுப்பும் பெரும்பாலும் ஊர்ச்சபையிடமே விடப்பட்டது. வார்ட் பெருங்குளங்களையும் மறக்கவில்லை. கீழ்மாகாணத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவர் காலத்திலே திருத்தப்பெற்றன. எனினும், என் கருத்தில், அக்குளங்களினும் இச்சட்டமே பெரிது. கட்டுவதற்கு ஒருமுறை பணம் போதும். காப்பதற்கு முடிவில்லாத நாட்கள் வேண்டும்.

இதன் மறுபக்கம் நம் மலைநாட்டு மக்களுக்கு நெருக்கமானது. அன்று திறைசேரியை நிரப்பியது கோப்பி. கோப்பிக்குத் தொழிலாளர் வேண்டும். அவர்களுக்கு அரிசி கடல் கடந்து வரவேண்டும். தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொணர்வதற்கு 1858இல் குடியேற்றத் தொழிலாளர் ஆணைக்குழுவை நிறுவியதும் வார்டின் அரசாங்கமே. அவ்வாண்டே ஆகஸ்ட் 3ஆம் நாள் கொழும்பில் இருப்புப்பாதைக்கு முதல் மண்ணை வெட்டினார். மேலே காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். சரிவின் மண் மழையோடு இறங்கிக் கீழேயுள்ள ஓடைகளிற் படிந்தது. அணையைத் தூர்வாருமாறு வயற்காரனைக் கட்டிய சட்டம், மண்ணைக் காக்குமாறு தோட்டத்துரையைக் கட்டவில்லை. அப்பொறுப்புக்கு மண்பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. இதற்கிடையே கான் வெட்டிச் சரிவைக் காத்த கைகள் நம் முன்னோருடையவை.

1860 ஜூன் முடிவில் வார்ட் இலங்கையை விட்டு நீங்கி, ஜூலை 5ஆம் நாள் சென்னைக் கவர்னராகப் பதவியேற்றார். ஒரு மாதமும் நிறையவில்லை. ஆகஸ்ட் 2ஆம் நாள் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. அறுபத்து மூன்று வயது.

அவர் சட்டம் அவரோடு முடியவில்லை. 1867இல் அது திருத்தி விரிக்கப்பட்டது. 1958இன் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பெருங்கட்டுகளின் காவல் நாட்டின் பேச்சாயிற்று. எண்பது ஹெக்டேருக்கு உட்பட்ட வயலுக்கு நீரூட்டும் சிற்றணைகளும் குளங்களும் இப்பொழுது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் கட்டிற் புதர் வெட்டி, வானில் அடைந்த சருகை அகற்றும் வேலை மட்டும் கமக்கார அமைப்பென்னும் பெயரில் ஊராரிடமே நிற்கின்றது.