மயிலாப்பூர் மாலைகளில் மகாகனம் சாஸ்திரியார்

1944-ஆம் ஆண்டு. உலக யுத்தம் முடியவில்லை. சென்னையில் அரிசிக்கு ரேஷன். தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். நகரத்தில் அரசியல் கூட்டங்களின் ஆரவாரம் அடங்கியிருந்த காலம் அது.

அந்த நாளில் மயிலாப்பூரில் மாலை வேளையில் ஒரு கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. கொடி இல்லை, கோஷம் இல்லை. தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவர் வந்து பேசுவார். வயது எழுபத்து நான்கு. இதயம் பலவீனப்பட்டிருந்தது, உரத்துப் பேச உடலில் சக்தி கிடையாது. ஆயினும் அவர் வாயைத் திறந்ததும் சபை நிசப்தமாகிவிடும். பேசிய மொழி ஆங்கிலம். எடுத்துக்கொண்ட பொருள் வால்மீகி ராமாயணம். சம்ஸ்கிருத அகாடமியின் ஆதரவில் ஏப்ரல் மாதம் தொடங்கிய அந்தச் சொற்பொழிவுகள் நவம்பர் வரை நீடித்தன. மொத்தம் 30.

அந்த முதியவர்தான் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வெள்ளி நாக்கு என்று வெள்ளைக்காரர்களே வியந்த பேச்சாளர்.

உபாத்தியாயர் வேலை

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி ஏழைப் புரோகிதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். வீட்டில் செல்வம் இல்லை. வேதமும் விரதமும் இருந்தன. கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்ற இளைஞர், மாயவரத்தில் உபாத்தியாயரானார். பிறகு சேலம், அதன்பின் சென்னை. திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் சுமார் எட்டு ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தார். 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர்.

அவருடைய பேச்சுக்குப் பயிற்சிக்கூடம் அந்த வகுப்பறையே. ஒரு சொல்லின் சரியான உச்சரிப்பு என்ன, ஒரு கருத்துக்கு எந்தச் சொல் பொருந்தும், எது பொருந்தாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், அந்தக் கண்டிப்பைத் தம் நாவிலும் ஏற்றிக்கொண்டார். மேடையில் கையை வீசமாட்டார், மேஜையைக் குத்தமாட்டார். தராசில் பொன் நிறுப்பதுபோல் சொற்களை நிறுத்துப் போடுவார்.

1907-ல் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. புனாவில் கோகலே நிறுவியிருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். தமக்கென்று பொருள் ஈட்டுவதில்லை என்பது அந்தச் சங்கத்தின் பிரதிக்ஞைகளில் ஒன்று. தலைமை ஆசிரியர் பதவியையும் சம்பளத்தையும் துறந்து, சங்கம் அளித்த சொற்ப உதவித்தொகையில் குடும்பம் நடத்த ஒப்புக்கொண்டார். 1915-ல் கோகலே மறைந்ததும் சாஸ்திரியாரே சங்கத்தின் தலைவரானார்.

கேட்ட செவியும் கேளாத செவியும்

1919-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். டில்லியில் வைசிராயின் சட்டசபையில் ரௌலட் மசோதாக்கள் விவாதத்துக்கு வந்தன. விசாரணையின்றி ஆட்களை அடைத்துவைக்க அதிகாரம் கேட்ட மசோதாக்கள் அவை. சாஸ்திரியார் எழுந்தார். சர்க்கார் செய்யப்போகும் அநீதியை எடுத்துக்காட்டி, எச்சரித்து, மன்றாடிப் பேசினார். வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு அசையாமல் உட்கார்ந்து கேட்டார். பார்வையாளராக வந்திருந்த காந்தியடிகளும் கேட்டார்.

பலன் என்ன? தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியுமா? இந்திய அங்கத்தினர்கள் எதிர்த்தும் மார்ச் மாதத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது.

அந்தச் செய்தி வந்தபோது காந்தியடிகள் சென்னையில் இருந்தார். கதீட்ரல் ரோட்டில் ராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தார். ஒருநாள் விடியற்காலையில், தூக்கமும் விழிப்பும் கலந்த நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தேசமெங்கும் கடைகளை அடைத்து, உபவாசம் இருந்து, பிரார்த்தனை செய்வது என்பதே அது. ஏப்ரல் 6-ந் தேதி ஹர்த்தால் நடந்தது. இந்திய அரசியல் அன்று புதிய பாதையில் இறங்கியது.

சாஸ்திரியார் அந்தப் பாதையில் இறங்கவில்லை. சட்டத்தை மீறப் பழகிய ஜனங்கள் நாளை சுயராஜ்யத்தின் சட்டத்தையும் மீறுவார்கள் என்று அஞ்சினார். ஒத்துழையாமையை எதிர்த்தார். மிதவாதிகளின் லிபரல் கட்சியில் நின்றார். ஊர் முழுவதும் ஒரு பக்கம் ஓடும்போது எதிர்ப்பக்கம் நிற்பவனுக்கு என்ன கிடைக்கும்? சர்க்காரின் தாசர் என்ற ஏச்சு கிடைத்தது. முன்பு கைதட்டிய கூட்டங்களே கேலி செய்தன. கைதட்டலை மீண்டும் பெறுவதற்காகத் தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

கடல் கடந்த குரல்

1921-ல் அவர் லண்டன் ஏகாதிபத்திய மகாநாட்டுக்குச் சென்றார். அந்த ஆண்டே பிரிவி கவுன்சில் அங்கத்தினர் ஆனார். தமிழ்நாட்டில் அவர் பெயருக்கு முன் மகாகனம் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது அதனால்தான். லண்டன் நகரம் அவருக்குக் கௌரவப் பிரஜை உரிமை அளித்தது.

மறு ஆண்டு ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா தேசங்களில் சுற்றுப்பிரயாணம் செய்தார். அங்கே குடியேறிய இந்தியருக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகப் பேசினார். 1925-ல் ஆஸ்திரேலியா அந்த உரிமையை அளித்தது. கனடாவின் மேற்குக் கோடியிலோ அவர் பேச்சைப் பாராட்டினார்கள்; உரிமையை மட்டும் தரவில்லை. அது கிடைக்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெரிய சோதனை தென்னாப்பிரிக்காவில் வந்தது. இந்தியரைத் தனிப் பேட்டைகளில் ஒதுக்கிவைக்க அங்கே ஒரு மசோதா தயாராகியிருந்தது. 1927-ல் ஏற்பட்ட கேப்டவுன் ஒப்பந்தத்தால் அது கைவிடப்பட்டது. பதிலுக்கு, தாயகம் திரும்ப விரும்பும் இந்தியருக்குப் பண உதவி செய்து அனுப்பும் திட்டத்தை இந்தியா ஏற்க நேர்ந்தது. அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. அந்த ஒப்பந்தத்தை நடைமுறையில் காப்பாற்ற, இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாக சாஸ்திரியார் சென்றார்.

இந்தியன் என்றால் கூலி என்றே எண்ணிப் பழகிய வெள்ளையர்கள் அவர் பேச்சைக் கேட்க மண்டபங்களில் நிறைந்தார்கள். எல்லாரும் அல்ல. 1928-ல் கிளார்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் பேசிய கூட்டத்தில் முரடர்கள் புகுந்தார்கள். விளக்குகளை அணைத்தார்கள், வெடி வெடித்தது, ஜனங்கள் சிதறினார்கள். சாஸ்திரியார் ஊரை விட்டு ஓடவில்லை. குழப்பம் அடங்கியதும் பேச்சைத் தொடர்ந்தார்.

அங்குள்ள இந்தியரிடம் நிதி திரட்டி, டர்பன் நகரில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைக் கல்விக்கூடம் எழ வழி செய்தார். 1929-ல் திறக்கப்பட்ட அதற்கு சாஸ்திரி கல்லூரி என்று பெயர். பின்னாளில் தென்னாப்பிரிக்க சர்க்கார் ஒப்பந்தத்தைக் காற்றில் விட்டது. நிறவெறிச் சட்டங்கள் வந்தன. ஆனால் அந்தக் கல்விக்கூடம் நின்றது. தலைமுறை தலைமுறையாக இந்தியப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

சர்க்காரின் தாசர் என்று பெயர் சூட்டப்பட்ட இந்த மனிதர், சர்க்கார் தர முன்வந்த சர் பட்டத்தை வேண்டாம் என்று மறுத்தவர் என்பதையும் சொல்லவேண்டும்.

கடைசி மாலைகள்

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1940-ல் தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்கள் அமைக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தபோது, வடசொற்களுக்கு இடம் கொடுத்தார் என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த ஏச்சையும் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் மயிலாப்பூரின் அந்த மாலைகள். இப்போது வெல்லவேண்டிய வழக்கு எதுவும் இல்லை. ராமனைத் தெய்வமாக வைத்துப் பூஜிக்கச் சொல்லவில்லை. சோதனையில் தவித்து, தவித்தும் தர்மத்தை விடாத மனிதனாகக் காட்டினார். ஊர் பழித்தாலும் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்யும் ஒருவனுடைய துயரத்தை விளக்க அவரைவிடத் தகுந்தவர் யார்?

1946 ஜனவரியில் ஹிந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகக் காந்தியடிகள் தியாகராய நகருக்கு வந்தார். சாஸ்திரியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காந்தியடிகள் அவரைத் தேடிச் சென்று பார்த்தார். ஒரு தடவையோடு நிற்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள், சகோதரர்களைப்போல் பேசிக்கொண்டார்கள். காந்தியடிகளின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெயர் வெளியிடாமல் திருத்திக்கொடுத்த நண்பர் சாஸ்திரியாரே என்று பலர் நம்புகிறார்கள்.

ஏப்ரல் 17-ந் தேதி அந்த நாக்கு ஓய்ந்தது. சுதந்திரம் வர இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன. ராமாயணச் சொற்பொழிவுகள் 1949-ல் புத்தகமாக வெளிவந்தன.

மயிலாப்பூர் லஸ்ஸில் ரானடே நூல்நிலையத்தின் மாடியில் ஸ்ரீநிவாச சாஸ்திரி ஹால் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இன்று மாலை வேளையில் மேடைப்பேச்சுப் பழகும் கழகங்கள் கூடுகின்றன. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம் என்று இளைஞர்கள் பேசிப் பழகுகிறார்கள். கைதட்டல் வாங்குவது எப்படி என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். கைதட்டல் நின்றுபோன பிறகும் மனசாட்சிக்கு விரோதமாக ஒரு சொல்லும் சொல்லாமல் பேசுவது எப்படி என்பதை சாஸ்திரியாரின் வாழ்க்கையிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.