மரணப் படுக்கையிலும் மாணவராக இருந்தவர்: அபூ ரைஹான் அல்பிரூனி

பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் கஜ்னி மஹ்மூதைப் பற்றிய பாடத்தில் ஓரிரு வரிகளில் வந்துபோகும் பெயர் அல்பெரூனி. மஹ்மூதின் காலத்தில் இந்தியாவுக்கு வந்தார், இந்தியாவைப் பற்றி நூல் எழுதினார் என்பதோடு பாடம் முடிந்துவிடும். நம்முடைய மேடைகளிலும் அவர் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. முஸ்லிம் விஞ்ஞானிகள் என்ற பட்டியலில் இப்னு சீனா, இப்னுல் ஹைஸம் ஆகியோருடன் அவரையும் சேர்த்துச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அவர் யாரிடம் படித்தார், எப்படி ஆய்வு செய்தார், எந்த நிலையில் இருந்துகொண்டு எழுதினார் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. அவர் வாழ்க்கையில் நமக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி அதுதான்.

கேள்வி கேட்ட சிறுவன்

அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி கி.பி. 973-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 362) குவாரிஸ்ம் நாட்டின் காத் நகருக்கு அருகே பிறந்தார். இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. பாரசீக மொழியில் பீரூன் என்றால் வெளிப்புறம். நகருக்கு வெளியே பிறந்தவர் என்பதே அவர் பெயராக நிலைத்துவிட்டது.

சிறு வயதில் அவருடைய ஊருக்கு ஒரு கிரேக்கர் வந்து தங்கியிருந்தார். பிரூனி கையில் கிடைத்த தானியம், விதை, பழம், செடி எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வாராம். தன் கடைசி நூலில் அவரே இதை நினைவுகூர்ந்திருக்கிறார். எண்பது வயதில் அவர் எழுதிய அந்த மருந்தியல் நூலில், ஒவ்வொரு மூலிகைக்கும் பல மொழிப் பெயர்கள் வரிசையாக இடம்பெற்றன. சிறுவனாக ஆரம்பித்த பழக்கத்தை அவர் முதுமை வரை விடவில்லை.

மாணவர் பெயரில் எழுதிய உஸ்தாத்

அவருக்கு வாய்த்த உஸ்தாத் அபூ நஸ்ர் மன்சூர். குவாரிஸ்மை ஆண்ட பனூ இராக் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்; கோணக் கணிதத்தில் பெரும் மேதை. அரச குடும்பத்து அறிஞர், சாதாரணக் குடும்பத்துச் சிறுவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கணிதமும் வானியலும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பயிற்சியின் பலனாக, 17 வயதிலேயே பிரூனி நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கணக்கிட்டார்.

அந்த உறவு பாடத்தோடு முடியவில்லை. பிற்காலத்தில் மாணவர் கேள்வி எழுப்புவார்; உஸ்தாத் அதற்கு விடையாக ஒரு நூலே எழுதி மாணவரின் பெயரில் அர்ப்பணிப்பார். பிரூனி தன் அறுபதுகளில் தன்னுடைய நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். முடித்தவை 103, முடியாமல் கையில் இருப்பவை 10 என்று எழுதிவிட்டு, மற்ற அறிஞர்கள் தன் பெயரில் எழுதியவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் 12 நூல்கள் அபூ நஸ்ர் மன்சூர் எழுதியவை. இன்னும் 12 நூல்கள் அபூ ஸஹ்ல் அல்மஸீஹி என்ற கிறிஸ்தவ மருத்துவ அறிஞர் எழுதியவை. யாருடைய உழைப்பு எது என்பதை மறைக்காமல் பதிவு செய்வதில் அவர் கவனமாக இருந்தார்.

ஊரை இழந்த பிறகும்

995-இல் குவாரிஸ்மில் போர் மூண்டது. அபூ நஸ்ரின் குடும்பம் ஆட்சியை இழந்தது. அப்போது 22 வயது இளைஞரான பிரூனி, சூரியனை அளப்பதற்காகப் பெரிய வளையக் கருவி ஒன்றைத் தயார் செய்திருந்தார். ஆய்வு தொடங்கிய வேகத்திலேயே நின்றது. ஊரைவிட்டு ஓடி, ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று.

அந்த அலைச்சலில் இன்றைய தெஹ்ரானுக்கு அருகில் உள்ள ரை நகருக்குப் போனார். கையில் காசில்லாத காலம் அது. வறுமையைப் பார்த்து அவருடைய கருத்தை ஏளனம் செய்த ஒருவர், அவருக்கு வசதி வந்த பிறகு நண்பராக மாறிய கதையையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே மாபெரும் வானியல் கருவி ஒன்றை அமைத்திருந்த அல்குஜந்தியைச் சந்தித்து, அந்த அளவீடுகளைக் கேட்டு அறிந்தார். கருவியின் துளை சற்றே கீழே இறங்கிவிட்டதால் அதன் முடிவில் பிழை புகுந்தது என்று பிற்பாடு எழுதினார். மூத்தவர் மீது மரியாதை இருந்தது. அதற்காக அளவீட்டைச் சரிபார்க்காமல் விடவில்லை.

997-இல் ஒரு சந்திர கிரகணம். பிரூனி காத் நகரில் இருந்து பார்த்தார். அதே கிரகணத்தைப் பக்தாதில் இருந்து அபுல் வஃபா அல்பூஸ்ஜானி பார்த்தார். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில்தான் நிகழும். ஆனால் அந்தந்த ஊரின் நேரம் வேறாக இருக்கும். அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கண்டு, இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டார்கள். தொலைபேசியும் தந்தியும் இல்லாத நாளில், இருவேறு நாடுகளில் இருந்த இருவர் செய்த கூட்டு ஆய்வு இது.

இதே காலத்தில்தான் தன்னைவிட இளையவரான இப்னு சீனாவுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். மொத்தம் 18 கேள்விகள். அவற்றில் 10 அரிஸ்டாட்டிலின் வானியல் கருத்துகளைப் பற்றியவை. பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது, காற்றை உறிஞ்சி எடுத்த குப்பியைத் தண்ணீரில் கவிழ்த்தால் ஏன் நீர் உள்ளே ஏறுகிறது என்பன போன்ற கேள்விகளும் இருந்தன. இப்னு சீனா பதில் எழுதினார். பிரூனி மறுத்து எழுதினார். வாதம் சூடேறியபோது இப்னு சீனாவின் மாணவர் அல்மஃஸூமி பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றார். இரு பெரும் அறிஞர்களின் இந்தக் கருத்து மோதல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

மக்களையும் ஆராய்ந்தவர்

சுமார் 1000-ஆம் ஆண்டில், காஸ்பியன் கடலோரத்து ஜுர்ஜான் மன்னர் காபூஸின் ஆதரவில் இருந்தபோது அல்ஆஸாருல் பாகியா என்ற நூலை எழுதினார். யூதர், கிறிஸ்தவர், பாரசீகர், சோக்தியர், குவாரிஸ்ம் மக்கள், அரபிகள் என ஒவ்வொரு சமுதாயமும் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் எப்படி எண்ணுகிறது, எந்தெந்தப் பண்டிகைகளைக் கொண்டாடுகிறது என்று தொகுத்தார். அதற்குக் கணிதமும் தேவைப்பட்டது. அந்தந்தச் சமுதாயத்து மக்களிடம் உட்கார்ந்து கேட்கும் பொறுமையும் தேவைப்பட்டது. பழைய குவாரிஸ்ம் மக்களின் மாதப் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த நூலால்தான்.

கணக்குப் பலகையே கருவியாக

1017-இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றினார். பிரூனியும் அவருடைய உஸ்தாத் அபூ நஸ்ரும் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர் விரும்பிப் போன இடமல்ல அது. மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஜைஃபூர் என்ற கிராமத்தில் இருந்தபோது கையில் ஒரு கருவியும் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வில்லை வரைந்து, பாகைகளைக் குறித்து, நூல்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அதைக் கொண்டே சூரியனை அளந்தார். ஆய்வுக்கூடம் இல்லை, வசதி இல்லை என்று சோர்ந்துபோகும் மாணவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னாலே போதும்.

1025-இல் நகரங்களின் இருப்பிடத்தை அளந்தறியும் முறைகளைப் பற்றி ஒரு நூலை முடித்தார். கஸ்னியில் இருந்து கிப்லாவின் திசையைச் சரியாகக் கணக்கிடுவது அதன் முக்கியமான பகுதி. தொழுகைக்கான தேவை அவரைப் பூமியின் அளவு வரை கொண்டுபோனது. இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டை அருகே ஒரு மலையின் உயரத்தைக் கோணங்கள் மூலம் 652 முழம் என்று கணக்கிட்டார். பிறகு மலை உச்சியில் நின்று, அடிவானம் கண்மட்டத்தில் இருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். அது அரைப் பாகைக்குச் சற்று மேல்தான். மலையின் உயரம், இந்தச் சிறு கோணம் ஆகிய இரண்டை மட்டும் வைத்துப் பூமியின் ஆரத்தைக் கண்டுபிடித்தார். கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர்கள் பாலைவனத்தில் நடந்து அளந்து சொன்ன கணக்குக்கு இவருடைய கணக்கு மிக நெருங்கி வந்தது.

இந்தியாவைக் கற்ற விதம்

மஹ்மூதின் படை இந்தியாவுக்கு வந்த அதே காலத்தில், பிரூனி சமஸ்கிருதம் கற்றார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. மொழியின் கடினத்தையும், வெளியாரிடம் பேசத் தயங்கிய பண்டிதர்களின் மனநிலையையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் இந்திய வானியல் அறிஞர்கள் முன்னால் ஒரு மாணவனாகவே நின்றதாகவும் சொல்கிறார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் கொண்டுவந்தார். யூக்ளிடின் கணிதத்தை அவர்களுக்காகச் சமஸ்கிருதச் செய்யுளாக்கும் வேலையிலும் ஈடுபட்டார். வாங்கியது போலவே கொடுக்கவும் செய்தார்.

1030-இல் நிறைவடைந்த கிதாபுல் ஹிந்த் 80 அத்தியாயங்கள் கொண்டது. மதம், தத்துவம், இலக்கணம், எடை அளவு, கணிதம், புவியியல், திருமணம், வாரிசுரிமை, நோன்பு, பண்டிகை என எல்லாம் அதில் உண்டு. தெற்கே அவர் வந்ததில்லை. ஆனால் கேட்டறிந்து ராமேஸ்வரத்தையும் சேதுவையும் சரந்தீபையும் குறிப்பிட்டிருக்கிறார். மற்றவர்களின் நம்பிக்கையை அவர்கள் சொல்வதைப் போலவே எடுத்துச் சொல்வது, வாதம் செய்து மறுப்பது தன் நோக்கமல்ல என்பது அவர் முன்னுரையிலேயே வகுத்துக்கொண்ட நெறி. தான் ஏற்காதவற்றையும் திரிக்காமல் பதிவு செய்தார். மஹ்மூதின் படையெடுப்புகள் அந்த நாட்டின் செழிப்பை அழித்தன, அறிவுத் துறைகளைத் தூரத்து ஊர்களுக்கு விரட்டின என்பதையும் மஹ்மூதின் குடும்பம் ஆண்ட அதே நாட்டில் இருந்துகொண்டு எழுதினார்.

அதே நூலில், வட இந்தியச் சமவெளியின் மண்ணைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார். மலைக்கு அருகில் பெரிய உருண்டைக் கற்கள், தள்ளிப்போகப் போகச் சிறு கற்கள், கடலோரத்தில் மணல். ஆகவே ஆறுகள் கொண்டுவந்த மண் நிரம்பிய பழைய கடல் இது என்கிறார். இயற்கையையும் சமுதாயத்தையும் அவர் தனித்தனி அறைகளாகப் பிரிக்கவில்லை.

மாணவிக்காக எழுதிய பாடநூல்

குவாரிஸ்மைச் சேர்ந்த ரைஹானா பின்த் ஹஸன் என்ற பெண்ணுக்காக அவர் 1029-இல் எழுதியது கிதாபுத் தஃப்ஹீம். கணிதம், வானியல், புவியியல், சோதிடக் கணக்கு ஆகியவற்றைக் கேள்வி பதிலாக விளக்கும் பாடநூல். அரபியிலும் பாரசீகத்திலும் அது கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் கணிதம் கற்க விரும்பினார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறிஞர் அவருக்காக உட்கார்ந்து எழுதினார். பெண் பிள்ளைகளின் மேற்படிப்பு இன்னும் விவாதமாகும் வீடுகளில் இதைப் பேச வேண்டும்.

மஹ்மூதின் மகன் மஸ்ஊதுக்கு அர்ப்பணித்த அல்கானூனுல் மஸ்ஊதி என்ற வானியல் பெருநூலுக்குப் பரிசாக ஒரு யானைச் சுமை வெள்ளி வந்தது என்றும், தேவையில்லை என்று அதைக் கருவூலத்துக்கே திருப்பி அனுப்பினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பின்னர் ரத்தினங்களைப் பற்றி எழுதியபோது, மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் குருடாகிவிடும் என்று பலரும் எழுதியிருந்ததைச் சோதித்தார். பாம்பின் கழுத்தில் மரகத மாலை போட்டார். கூண்டில் மரகதத்தைப் பரப்பினார். வெயிலிலும் குளிரிலும் ஒன்பது மாதம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் அப்படியே எழுதி வைத்தார். கைபேசியில் வருவதையெல்லாம் அடுத்தவருக்கு அனுப்பும் முன் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒன்பது மாதங்கள் அவை.

கடைசிக் கேள்வி

அவர் 1048-இல் காலமானார் என்று பொதுவாக எழுதப்படுகிறது. ஆனால் கடைசி நூலில் எண்பது வயதைக் கடந்ததாக அவரே சொல்வதால், 1050-க்குப் பிறகாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கண்ணும் காதும் மங்கியிருந்த அந்த வயதில், ஒரு மருத்துவரின் துணையோடுதான் அந்த நூலை எழுதினார்.

மரணப் படுக்கையில் இருந்தபோது வல்வாலிஜி என்ற ஃபிக்ஹ் அறிஞர் பார்க்க வந்தார். தாய்வழிப் பாட்டிமாரின் சொத்துப் பங்கு குறித்து முன்பு ஒருமுறை சொன்னதைத் திரும்ப விளக்கும்படி பிரூனி கேட்டார். இந்த நிலையிலா என்று வந்தவர் இரக்கப்பட்டார். அறியாதவனாகப் போவதைவிட அறிந்தவனாகப் போவது நல்லதல்லவா என்ற பொருளில் பிரூனி பதில் சொன்னார். அறிஞர் விளக்கினார், பிரூனி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். விடைபெற்றுத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோதே, அந்த வீட்டில் இருந்து அழுகுரல் கேட்டது.

இந்தச் சம்பவத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளைத்தான் நாம் கேட்காமல் விட்டோம். பிளஸ் டூ முடித்த பிள்ளை வரலாறோ சமூகவியலோ படிக்க ஆசைப்பட்டால், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறோம். அறிவியல் படிக்கும் பிள்ளையிடம் வேலை எப்போது என்று மட்டும் கேட்கிறோம். ஆராய்ச்சிப் படிப்பு என்றால் காலத்தை வீணாக்குவது என்று பல வீடுகளில் முடிவே செய்துவிட்டோம். வேலையும் வருமானமும் அவசியம்தான். ஆனால் கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு, பிரூனி எங்கள் ஆள் என்று மேடையில் பெருமை பேசுவதில் நியாயம் இல்லை.

இந்த வாரம் வீட்டில் உங்கள் பிள்ளை ஏதாவது கேட்டால், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு இருவருமாகத் தேடிப் பாருங்கள். காத் நகரத்துச் சிறுவன் கையில் ஒரு விதையை வைத்துக்கொண்டு அந்தக் கிரேக்கரிடம் கேட்டதும் இப்படி ஒரு சின்னக் கேள்விதான்.